ஆஸ்பத்திரி வாசலில் சொல்லாத சொல்

1

நேற்று மாலை என் மகள் ஜெனி அவளுடைய துணிப் பொம்மைக்கு வைத்தியம் பார்த்தாள். சாப்பாட்டு மேசைக்கு அடியில்தான் ஆஸ்பத்திரி. என் தையல் நாடாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பொம்மையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். பெரிய மனுஷி போல முகத்தைச் சுளித்து யோசித்தாள். பிறகு இந்த ஊர் ஆங்கிலத்தில், "ஒன்றுமில்லை. ஆனாலும் செவ்வாய்க்கிழமை திரும்பி வர வேண்டும்" என்றாள்.

அரிசி களைந்துகொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது.

ஜெனிக்கு நாலு வயது. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். சோற்றைப் பிசைந்து கொடுத்தால் முள்கரண்டி கேட்கிறாள். இதற்கெல்லாம் நான் ஒவ்வொரு நாளும் கவலைப்படுகிறேன். அதட்டுவதா விடுவதா என்று தெரியாமல் பாதி அதட்டி பாதி விடுகிறேன். ஆனால் நேற்று அவள் சொன்னதற்கு அதட்டவில்லை. நம் ஊரில் ஒரு பிள்ளை விளையாட்டுக்குக்கூட நோயாளியைப் பார்த்துத் "திரும்பி வா" என்று சொன்னால், தாய்க்காரி ஓடிப்போய் வாயைப் பொத்துவாள். சில வருஷத்துக்கு முன்னால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். நேற்று ஈரக் கையோடு மேசைக்குக் கீழே குனிந்து, "எத்தனை மணிக்கு வரணும், டாக்டரம்மா?" என்று கேட்டேன்.

இடையில் என்ன நடந்தது என்பதை ஊரில் இருக்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டும். முக்கியமாகப் பெண்களுக்கு.

2

தூத்துக்குடியில் எங்கள் வீடு கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு பின்னால். எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது கக்குவான் இருமல் வந்தது. அம்மா என்னை டாக்டரையா வீட்டுக்குக் கூட்டிப்போனாள். வாசலிலேயே எல்லோரும் செருப்பைக் கழற்றிவிடுவார்கள். உள்ளே போனால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். நாக்கை நீட்டு என்றால் நீட்டுவது, மூச்சை இழு என்றால் இழுப்பது. என்ன நோய் என்று கேட்பது மரியாதைக் குறைவு. பாட்டிலில் காகிதம் வெட்டி ஒட்டிய சிவப்பு மருந்தை வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான்.

அன்று மருந்தை வாங்கிக்கொண்டு படி இறங்கும்போது, மரியாதை தெரிந்த பிள்ளை என்று பெயரெடுக்கிற ஆசையில், "போயிட்டு வாரேன், டாக்டரையா" என்றேன்.

அம்மா என் மேல்கையில் கிள்ளிய கிள்ளு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. மருந்து கலக்கிக்கொண்டிருந்த கம்பவுண்டர் தலையை வெளியே நீட்டி, "ஏளா, இங்கன என்ன பந்தியா போடுதோம், திரும்பி வாரதுக்கு?" என்றார். வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த காய்ச்சல்காரர்கள்கூடச் சிரித்தார்கள்.

தெருவுக்கு வந்த பிறகு அம்மா சொன்னாள்: "எழவு விழுந்த துட்டி வீட்டுலயும் ஆஸ்பத்திரிலயும் வாரேன்னு சொல்லப்பிடாது. சொன்னா அது வரவச்சிரும்."

நமக்கெல்லாம் இது தெரிந்ததுதான். கடலுக்குப் போகிறவர்கள் தினமும் சொல்லிவிட்டுப் போவார்கள், போயிட்டு வாரேன் என்று. திரும்புவது நிச்சயமில்லாத இடத்துக்குப் போகும்போது கட்டாயம் சொல்வோம். திரும்பவே கூடாது என்று நினைக்கிற இடத்தில் வாயை மூடிக்கொண்டு வந்துவிடுவோம். நானும் அப்படியே வளர்ந்தேன். பி.ஏ. படித்தபோதும் அப்படித்தான். கல்யாணமாகி விமானம் ஏறியபோது இந்த வழக்கமும் கூடவே ஏறிவிட்டது.

3

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஒரு மீன்பிடித் துறைமுகம். என் வீட்டுக்காரர் சேவியர் இங்கே கப்பல் எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறையில் பொறியாளர். வந்த புதிதில் ஒருநாள் கடைக்குப் போய்த் திரும்பினால் கதவு பூட்டியிருக்கிறது, அவர் வேலைக்குப் போய்விட்டார். மாடிப்படியில் நின்று, "ஐயோ, சாவி! சாவி எங்க வச்சேன்?" என்று எனக்கு நானே புலம்பினேன். கீழ்வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் எட்டிப்பார்த்தாள். "சாவியா?" என்று அவள் மொழியில் கேட்டாள். உள்ளே போய், வீட்டின் சொந்தக்காரர் அவளிடம் கொடுத்து வைத்திருந்த மாற்றுச் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

அவள்தான் மரியா. அட்லாண்டிக் கடலின் நடுவில் இருக்கிற ஒரு போர்த்துக்கீசியத் தீவிலிருந்து வந்தவள். மீன் ஆலையில் மீனைக் கீறி முள் எடுக்கிற வேலை. அன்று அவளுடைய குசினியில் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து, கையால் ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டிக்கொண்டே சிரித்தோம். ஜன்னல், மேசை, அலமாரி, வாங்கு, அந்தக் குசினியேகூட, இருவர் வாயிலும் கிட்டத்தட்ட ஒரே சொல். அவள் முன்னோர்கள் நம் கடற்கரையில் விட்டுப்போன சொற்களை நான் அவளுக்கே திருப்பிக் கொண்டுவந்திருந்தேன். எனக்கு மயிர் கூச்செறிந்தது.

அவளுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். என்னுடையதோ கல்லூரி ஆங்கிலம். பஸ் டிரைவரிடம்கூட விண்ணப்பம் எழுதுகிற மாதிரி பேசுவேன், அவர் என்னைப் பாவமாகப் பார்ப்பார். ஆனாலும் அரசாங்க அலுவலகத்துக்கும் டாக்டரிடத்துக்கும் போகும்போது மரியா என்னைத் துணைக்குக் கூப்பிடுவாள். அவள் துண்டு துண்டாகச் சொல்வதை நான் முழு வாக்கியமாக்கிக் கொடுப்பேன்.

எங்கள் இருவருக்கும் ஒரே குளிர்காலத்தில் பிள்ளை பிறந்தது. எனக்கு ஜெனி, அவளுக்கு லூயிசா. இருவரையும் கையில் ஏந்தி எடுத்தவர் ஒரே டாக்டர். நரைத்த தலை, பெரிய கண்ணாடி, சத்தமான சிரிப்பு. பிரசவ வலியில் நான் அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தியபோது, "கத்து, நன்றாகக் கத்து, அம்மாவுக்குக் கேட்கட்டும்" என்று சொன்ன மனிதர். அவரிடம் போகும்போதெல்லாம் நான் வாசலில் செருப்பைக் கழற்றிவிடுவேன். கால் வலிக்கிறதா என்று நர்ஸ் கேட்பாள்.

லூயிசாவுக்கு ஆறு மாதம் இருக்கும்போது மரியா என் கையைப் பிடித்து அவள் மார்பில் ஓரிடத்தில் வைத்தாள். பட்டாணி போல் ஒன்று உருண்டது. "பால் கட்டியிருக்கும்" என்றேன். "எதற்கும் டாக்டரிடம் போகலாம்" என்று அவள்தான் சொன்னாள். போனோம்.

டாக்டர் பொறுமையாகத் தொட்டுப் பார்த்தார். அவரும் அதையே சொன்னார். பால் கட்டு, வெந்நீர் ஒத்தடம் கொடு, பிள்ளையைக் குடிக்க விடு. மரியாவின் முகம் மலர்ந்தது. வாசலுக்கு வந்ததும் திரும்பி, "நன்றி, டாக்டர். நான் திரும்பி வருகிறேன்" என்றாள்.

என்னை அறியாமல் என் விரல்கள் அவள் மேல்கையைக் கிள்ளிவிட்டன.

"ஆ!" என்று துள்ளினாள். டாக்டர் என்ன என்று கேட்டார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. எங்கள் ஊரில் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது திரும்பி வருகிறேன் என்று சொல்லக் கூடாது, சொன்னால் நோயும் திரும்பி வரும் என்பார்கள் என்று தட்டுத்தடுமாறி விளக்கினேன். டாக்டர் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்க வேண்டியதாயிற்று.

"அருமையான வழக்கம்!" என்றார். "சரி மரியா, அப்படியானால் வராதே. பிள்ளை பால்குடி மறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

மூன்று பேரும் சிரித்துக்கொண்டே பிரிந்தோம்.

4

மரியா சொன்ன சொல்லைக் கேட்கிறவள். பிள்ளை பால்குடி மறக்கட்டும் என்று காத்திருந்தாள். அவர்கள் வழக்கத்தில் வெகுநாள் பால் கொடுப்பார்கள். இடையில் ஒருநாள் எங்கள் மாதா கோவில் மண்டபத்தில் பெண்களுக்கு மார்பைச் சோதித்துப் பார்க்கிற இலவச முகாம் நடந்தது. மரியா வரிசையில் நின்றாள். பால் கொடுக்கிறாயா, உன் டாக்டர் பார்த்தாரா என்று கேட்டார்கள். பார்த்தார் என்றாள். அப்படியானால் அவரிடமே போய்க்கொள் என்று அனுப்பிவிட்டார்கள். அவள் மகிழ்ச்சியாக வீட்டுக்கு வந்து எனக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தாள்.

பட்டாணி நெல்லிக்காய் ஆனது. தோல் உள்ளிழுத்துக்கொண்டது. பால் நின்ற பிறகு டாக்டரிடம் போனபோது அவர் சிரிக்கவில்லை. உடனே பெருநகரத்து ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். புற்று. ஒரு மார்பையும் அக்குள் சதையையும் எடுத்தார்கள். பிறகு மின்கதிர் வைத்தியம். மீன் கீறுகிற கையை அவளால் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை.

அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது அவள் மாமியாரின் பேச்சு. கறுப்புச் சால்வை போட்ட அந்த அம்மாள், கோவில் முற்றத்தில் நின்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னாள்: "கட்டியை ஒளித்து வைத்திருந்தாள். டாக்டரிடம் காட்டச் சோம்பல். என் பேத்தியைத் தாயில்லாப் பிள்ளையாக்கப் பார்த்தாள்."

மரியா வழக்கறிஞரைப் பார்க்கப் போனது அதற்குப் பிறகுதான். என்னிடம் அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுகிறேன். "நான் செத்தாலும் லூயிசா இதைக் கேட்டு வளரக் கூடாது. நான் போனேன். காட்டினேன். அதை அவர் சொல்ல வேண்டும். எல்லார் முன்னாலும்."

டாக்டர் மீது வழக்கு! நம் ஊரில் ஆஸ்பத்திரியில் பிள்ளை இறந்தால், "சாமி கூப்பிட்டுக்கிட்டாரு, டாக்டரையா என்ன செய்வாரு" என்று அவருக்கே ஆறுதல் சொல்லிவிட்டு வருவோம். இங்கே மீன் ஆலைப் பெண் ஒருத்தி டாக்டரை நீதிமன்றத்துக்கு அழைக்கலாமாம். அவரும் வந்தாக வேண்டுமாம்.

டாக்டர் தரப்பின் பதில் வந்தது. பால் கட்டு என்று நினைத்தது உண்மை; ஆனால் ஆறு வாரத்தில் திரும்பி வந்து காட்டும்படி சொன்னேன், எல்லோரிடமும் அப்படிச் சொல்வதுதான் என் வழக்கம், அவள் வரவில்லை. கடைசியாக ஒரு வரி: கூட வந்த பெண் அதைச் சரியாக எடுத்துச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கூட வந்த பெண் நான்தான்.

சில நாளில் எனக்குச் சம்மன் வந்தது. முத்திரை வைத்த அந்தத் தாளைப் பார்த்ததும், நம்மை ஊருக்குத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்றே நினைத்தேன். சேவியர் இரண்டு தரம் வாசித்தார்.

"ஏளா, நமக்கு எதுக்கு இந்த வம்பு? நம்ம புள்ளய எடுத்த கையில்லா அது?"

"மரியாவுக்கு என்ன விட்டா வேற சாட்சி இல்லங்க."

"நினைவில்லன்னு சொல்லிரு. பொய்யா அது? ரெண்டு வருசத்துக்கு முந்தின பேச்சு எவளுக்கு நினைவிருக்கும்?"

"எனக்கு இருக்கே."

"அதான் உங்கிட்ட கஷ்டம். பால்காரன் போன மாசம் சொன்னதும் நினைவிருக்கும் உனக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். ஆனால் மறுநாள் பட்டறையில் விடுப்புக் கேட்டது அவர்தான். விசாரணை நாளில் ஜெனியைப் பார்த்துக்கொள்ள.

அவர் போனதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நினைவு இருக்கிறதா, அல்லது இருப்பதாக நான் நினைக்கிறேனா? அந்தச் சிரிப்புக்குப் பிறகு டாக்டர் ஏதாவது மெதுவாகச் சொல்லி, வெட்கத்தில் நான் கேட்காமல் விட்டேனா? துணி மடித்துக்கொண்டே அந்த வாசலில் நூறு தரம் போய் நின்றேன். ஒவ்வொரு தரமும் டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார், சிரித்தார், வராதே என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

5

நீதிமன்றம் கோவில் போல உயரமாக இருந்தது. ஆனால் நான் பிரமித்தது கட்டிடத்தைப் பார்த்து அல்ல.

தீர்ப்புச் சொல்லப் போகிற ஜூரிகள் உள்ளே வந்தபோது எல்லோரும் எழுந்து நின்றார்கள். டாக்டரும் நின்றார். உள்ளே வந்தவர்கள் யார்? எங்கள் தெரு ரொட்டிக்கடைக்காரர். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற அம்மாள். வலை பின்னுகிற ஒரு கிழவர், சுத்தமாகச் சவரம் செய்துகொண்டு, இறுக்கமான கழுத்துப்பட்டையோடு. இவர்களுக்காக டாக்டர் எழுந்து நிற்கிறார்!

மரியாவுக்காக ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பெருநகரத்திலிருந்து வரவழைத்திருந்தார்கள். நீதிபதி ஒரு வார்த்தை சொன்னாலும் அந்த மனிதர் குனிந்து அதை அவள் மொழியில் சொன்னார். வேலைக்கு நேரமாகிவிட்டால் மேற்பார்வையாளரின் திட்டைக் கேட்டுத் தலைகுனிகிற மரியா, அன்று டாக்டருக்குச் சமமான நாற்காலியில், சமமான மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். என் கண் நிறைந்துவிட்டது. யாரும் கத்தவில்லை. யாரும் யாரையும் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வியை இத்தனை படித்த மனிதர்கள் கோட்டு போட்டுக்கொண்டு நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்: மரியாவைத் திரும்பி வரச் சொன்னார்களா, இல்லையா?

முதலில் பெருநகரத்துப் பெண் மருத்துவர் ஒருவர் சாட்சி சொன்னார். பால் கொடுக்கிற தாயின் மார்பில் வருகிற கட்டிகள் பெரும்பாலும் பால்தான் என்றார். அப்படி நினைத்ததில் தவறே இல்லை. "ஆனால் போகாத கட்டியைச் சும்மா விடக் கூடாது. ஊசியால் துளி எடுத்துக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்கு அவள் திரும்பி வர வேண்டும். திரும்பி வரச் சொல்வதுதான் எங்கள் தொழிலில் பாதி." அந்தத் துளி எப்படியிருக்கும் என்று பெரிய படத்தில் காட்டினார். கடுகை விடச் சின்னஞ்சிறியது, விண்மீன் கூட்டம் போலச் சுவரில் விரிந்தது. ஒரு உடம்புக்குள் இத்தனை நடக்கிறது, உடம்புக்காரிக்குத் தெரியவில்லை.

எனக்கு அப்பாவின் நினைவு வந்தது. அப்பா மீன்வளத் துறை அலுவலகத்தில் குமாஸ்தா. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சலாபம், அதாவது முத்துக்குளிப்புப் பருவம், நடந்தது. சலாபம் அறிவிப்பதற்கு முன்னால், படகில் போய், கடலடியில் சிப்பி விளைகிற முத்துப் பாரிலிருந்து கொஞ்சம் சிப்பியை மாதிரிக்கு எடுத்து வருவார்கள். திறந்து பார்த்து, முத்து விளைந்திருக்கிறதா என்று சொல்வார்கள். "எந்தச் சிப்பியும் தானா வாயத் தெறந்து சொல்லாதுளா. நாமதான் போயிப் பாக்கணும்" என்பார் அப்பா. இந்த வருஷம் இல்லை என்றால் அந்தப் பாரை மறந்துவிட மாட்டார்கள். மறு வருஷமும் படகு போகும். அதற்கு மறு வருஷமும் போகும்.

சிப்பிக்காக வருஷா வருஷம் படகு விட்ட ஊர்க்காரி நான். மரியா விஷயத்தில் எனக்கு அது தோன்றவில்லையே என்று அங்கே உட்கார்ந்து நினைத்தேன்.

6

என்னைக் கூப்பிட்டார்கள். வேதப் புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். மரியாவின் வழக்கறிஞர் கேட்டதற்கு நடந்ததைச் சொன்னேன். பிறகு டாக்டரின் வழக்கறிஞர் எழுந்தார். நல்ல மரியாதையான மனிதர்; அதுதான் எனக்கு அதிகப் பயம்.

"அம்மா, ஆங்கிலம் உங்கள் தாய்மொழி இல்லை."

"இல்லை, ஐயா."

"டாக்டர் சொன்னதை நீங்கள் குறித்து வைத்துக்கொள்ளவில்லை."

"இல்லை, ஐயா."

"இரண்டு கைப்பிள்ளைகள் அழுகிற இடத்தில், வாசலில் நின்று, ஒருவர் விடைபெறும்போது சொன்ன வார்த்தை. ஆறு வாரத்தில் வா என்று அவர் சொல்லவில்லை என்பதை நீங்கள் இத்தனை நிச்சயமாக எப்படிச் சொல்கிறீர்கள்?"

நியாயமான கேள்வி. என்னை நானே நூறு தரம் கேட்டது. நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். ஜெனியை முதன்முதலில் தலைகீழாகப் பிடித்திருந்த கை.

"ஐயா, நான் மரியாவைக் கிள்ளினேன்" என்றேன்.

வழக்கறிஞர் விழித்தார். நீதிபதி, "என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்.

மேல்கையைத் தொட்டுக் காட்டினேன். அவள் திரும்பி வருகிறேன் என்று சொன்னதையும், எங்கள் ஊரில் ஆஸ்பத்திரி வாசலில் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டோம் என்பதையும் சொன்னேன். பஸ் ஓட்டுகிற அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வலை பின்னுகிற கிழவர் சிரிக்கவில்லை; அவர்களிடமும் இப்படி ஏதோ வழக்கம் இருக்க வேண்டும், மெதுவாகத் தலையாட்டினார்.

"டாக்டர் அன்று வேறு என்ன சொல்லியிருந்தாலும் எனக்கு மறந்திருக்கும், ஐயா. திரும்பி வா என்று சொல்லியிருந்தால் மட்டும் மறந்திருக்காது. அந்தச் சொல்லுக்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். அவர் அதைச் சொல்லவில்லை. வராதே என்றார். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்."

டாக்டரின் பேனா நின்றது. தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கை தானாகப் போய்க் கண்ணாடியைக் கழற்றியது. பிறகு வெகுநேரம் அதை மாட்டவே இல்லை.

மறுநாள் காலை அவர் சாட்சி சொல்லப் போனார். அவருடைய வழக்கறிஞரே கேட்டார்: "இப்படிப்பட்ட கட்டியைப் பார்த்தால் உங்கள் வழக்கம் என்ன?"

"ஆறு வாரத்தில் திரும்பி வரச் சொல்வது."

"மரியாவிடமும் அப்படிச் சொன்னீர்கள்."

டாக்டர் மரியாவைப் பார்த்தார். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார்.

"நேற்று வரை சொன்னேன் என்றே நம்பியிருந்தேன்" என்றார் டாக்டர். "நான் பொய் சொல்லவில்லை, வழக்கத்தைச் சொன்னேன். அந்தப் பெண் கிள்ளியதைச் சொன்னதும் எல்லாம் கண் முன்னால் வந்துவிட்டது. நான் சிரித்தேன். வராதே என்று சொன்னேன். சிரித்த வேகத்தில் சொல்ல வேண்டியது விட்டுப்போயிற்று. மரியா என்னிடம் வந்தாள். காட்டினாள். நான் சொன்னபடி நடந்தாள். அவள் மீது ஒரு குற்றமும் இல்லை."

மொழிபெயர்ப்பாளர் குனிந்து ஒவ்வொரு வாக்கியமாக அவள் மொழியில் சொல்லிக்கொண்டு வந்தார். மரியாவுக்கு நேர் பின்னால், மரத் தடுப்புக்கு அப்பால், மாமியார் உட்கார்ந்திருந்தாள். அந்த மொழி அவளுக்கும் கேட்டது. கடைசி வாக்கியம் முடிந்ததும் அந்த அம்மாள் எழுந்து, தன் கறுப்புச் சால்வையைக் கழற்றி, தடுப்புக்கு மேலாகக் கை நீட்டி மரியாவின் தோளில் போட்டாள். மரியா திரும்பிப் பார்க்கவில்லை. சால்வையின் நுனியை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அன்றே வழக்கறிஞர்கள் வெளியே நின்று வழக்கைச் சமரசமாகப் பேசி முடித்துக்கொண்டார்கள். நீதிபதி ஜூரிகளுக்கு நன்றி சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். ரொட்டிக்கடைக்காரர் மத்தியானமே கடை திறந்துவிட்டார்.

நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் ஒரு டாக்டர், "நான் தவறினேன்" என்று சொல்லி அதுவரை கேட்டதில்லை. கேட்ட பிறகு அவர் மீது எனக்கிருந்த மரியாதை குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

7

ஆனால் என் மனசு சும்மா இருக்குமா? நான் கிள்ளாமல் இருந்திருந்தால் அவர் சிரித்திருக்க மாட்டார். சிரிக்காவிட்டால் வழக்கம்போல ஆறு வாரத்தில் வா என்று சொல்லியிருப்பார். இதை எத்தனை தரம் திருப்பிப் போட்டுப் பார்த்திருப்பேன்! ஒருநாள் மரியாவிடமே கேட்டுவிட்டேன்.

அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். "ஆமாம்" என்றாள். "கிள்ளாமல் இருந்திருந்தால் ஒருவேளை மார்பு இருந்திருக்கும்."

சீவிய கிழங்கைத் தண்ணீரில் போட்டுவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"கிள்ளாமல் இருந்து, அவரும் சொல்ல மறந்திருந்தால்? மார்பும் போய், சாட்சியும் இருந்திருக்காது. போ, கத்தி எடு, எனக்குக் கை வலிக்கிறது. நீ சீவு."

நான் சீவினேன்.

டாக்டரை ஒருநாள் காய்கறிக் கடையில் பார்த்தேன். எங்கே ஒளிவது என்று தெரியாமல் வெங்காயக் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரே வந்தார். ஜெனியின் கன்னத்தைத் தட்டினார். "இப்போது என் வாசலில் ஒரு நர்ஸ் நிற்கிறாள். வெளியே போகிற ஒவ்வொருவரிடமும் எப்போது திரும்பி வர வேண்டும் என்று சொல்வதுதான் அவள் வேலை" என்றார். "ஜெனியை எப்போது கூட்டி வருகிறாய்?"

"செவ்வாய்க்கிழமை" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். போனேன். ஜெனி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது அங்கேதான்.

மரியாவை இப்போதும் பெருநகரத்து ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டே போகிறாள், ஒன்றுமில்லை என்று கேட்டுக்கொண்டு வருகிறாள். நாளைக்கு என்ன என்று யாரும் சொல்வதில்லை.

8

இந்தக் கோடையில் ஊருக்கு வந்திருந்தேன். புதுத் துறைமுகத்தையும், அங்கே வந்து நிற்கிற பெரிய கப்பல்களையும் தம்பி காட்டினான். ஆனால் நான் பார்த்தது அம்மா கொடியில் துணி காயப்போடுவதை. இடது கையை முழுசாகத் தூக்கவில்லை.

"என்னம்மா கையில?"

"ஒண்ணுமில்ல. அக்குள்ள ஒரு கொழுப்புக் கட்டி. அது கெடக்கு ரொம்ப நாளா."

"யார்ட்ட காட்டுன?"

"இதப் போயி எவன்ட்ட காட்ட? நல்லாருக்கே!"

மறுநாளே கூட்டிப்போனேன். அம்மா வழியெல்லாம் முனகினாள். "அமெரிக்காவுல போயி இதத்தான் படிச்சிட்டு வந்தாளாம், பெத்தவள டாக்டரு முன்னால உடுப்பக் கழட்டச் சொல்லுதா." பழைய டாக்டரையா இல்லை, அதே வீட்டில் இப்போது ஒரு பெண் டாக்டர். தொட்டுப் பார்த்துவிட்டு, கொழுப்புக் கட்டியாகத்தான் தெரிகிறது, ஆனாலும் சின்னதாக வெட்டி எடுத்துப் பாளையங்கோட்டைக்கு அனுப்பிச் சோதித்துவிடலாம் என்றார். செய்தார். கட்டுப் போட்டார்.

நான் செருப்பைக் கழற்றாமல் உள்ளே போயிருந்தேன் என்பதை அப்போதுதான் கவனித்தேன். "எப்ப திரும்பி வரணும், டாக்டர்?" என்று கேட்டேன். அம்மாவின் விரல்கள் என் மேல்கையைத் தேடி வந்தன. நான் நகர்ந்துகொண்டேன்.

"முடிவு வர நாளாகும். அடுத்த மாசம் வந்து பாருங்க, பெரியம்மா. கட்டாயம் வரணும்" என்றார் டாக்டர்.

அடுத்த மாதம் நான் ஊரில் இருக்க மாட்டேன். அம்மாவாகத்தான் வர வேண்டும். வருவாளா? அவள் முகத்தையே பார்த்தேன். "வாரேன்னு சொல்லும்மா" என்றேன். அம்மா வாயைத் திறக்கவில்லை. டாக்டரைப் பார்த்துக் கையைக் கூப்பினாள், தலையைக் குனிந்துகொண்டு படி இறங்கிவிட்டாள். நான் பின்னாலேயே போனேன். எத்தனை பெரிய நீதிமன்றத்தில் சாட்சி சொல்லி என்ன, இந்த ஒரு வாயிலிருந்து ஒரு சொல்லை வாங்க முடியவில்லையே.

தெருவில் வெயில் நெருப்பாக எரிந்தது. அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"குடை எங்கம்மா? கொண்டுவந்தியே?"

"அங்கன வாங்குக்கு அடியில இருக்கு."

"மறந்துட்டியா? இரு, நான் போயி எடுத்துட்டு வாரேன்."

அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கெடக்கட்டும்" என்றாள். "அடுத்த மாசம் எடுத்துக்கிடுதேன். நீ நட."